முத்திரையைப் பாடம் அழிக்குமா? முஸ்லிம் குடியேறிகள் பற்றிய தப்பெண்ணத்தையும் கல்வியையும் ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு டிக்டேஷன் தாள். எழுதியிருப்பது ஒன்றே, பிழைகளும் அவையே. மேலே உள்ள பெயர் மட்டும் சில பிரதிகளில் ஜெர்மன் பெயரான மாக்ஸ், சிலவற்றில் துருக்கிய முஸ்லிம் பெயரான முராத். ஜெர்மனியின் மான்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 204 ஆசிரியர் பயிற்சி மாணவர்களிடம் இப்படித் திருத்தக் கொடுத்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பிழைகளை எண்ணியதில் இரு பெயர்களுக்கும் வித்தியாசம் இல்லை. மதிப்பெண் போடும் இடத்தில் முராத் பின்தங்கினான்.

இந்தத் துறையில் இறங்குபவர் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இது. வாய் சொல்வது, மனதில் இருப்பது, கை செய்வது மூன்றும் வேறுவேறு. இவற்றில் எதை அளக்கப்போகிறோம் என்று முதல் நாளே முடிவு செய்யாவிட்டால், ஆறு மாதம் உழைத்தபின் கையில் மிஞ்சுவது "ஆசிரியருக்குப் பிடித்த விடையை மாணவர்கள் கற்றுக்கொண்டார்கள்" என்ற செய்தியாகத்தான் இருக்கும். வெளிவரும் ஆய்வுகளில் பல அங்கேயே நின்றுவிடுகின்றன.

கீழே உள்ள படிகள் ஜெர்மன் பள்ளிகளைக் களமாக வைத்து எழுதப்பட்டவை. முதுநிலை ஆய்வேடு எழுதுபவரும், சொந்தப் பள்ளியில் ஒரு பாடத்திட்டத்தைச் சோதிக்க விரும்பும் ஆசிரியரும் பயன்படுத்தலாம்.

படி 1: சொற்களைப் பிரித்து வையுங்கள்

முத்திரை (ஸ்டீரியோடைப்) என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய மொத்த நம்பிக்கை: "அவர்கள் பெண்களைப் படிக்க விடமாட்டார்கள்." தப்பெண்ணம் என்பது அந்தக் கூட்டத்தின் மேல் உள்ள வெறுப்போ கசப்போ. பாகுபாடு என்பது செயல்: வீடு தர மறுப்பது, மதிப்பெண்ணைக் குறைப்பது. ஒரு பாடம் முத்திரையை அசைத்துவிட்டு வெறுப்பை அப்படியே விட்டுவிடலாம். மூன்றையும் ஒரே வினாத்தாளில் கலந்து ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டினால் இது கண்ணில் படாது.

இன்னொரு கோடும் கிழிக்க வேண்டும். மதம் அரசியலில் தலையிடக் கூடாது என்று வாதிடுபவர் எல்லோரும் முஸ்லிம்களை வெறுப்பவர்கள் அல்லர். ஜெர்மன் உளவியலாளர்கள் இம்ஹோஃப்பும் ரெக்கரும் 2012இல் வெளியிட்ட அளவுகோல் இதற்காகவே உருவானது. இஸ்லாம் மீதான தப்பெண்ணத்தையும் மதச்சார்பற்ற விமர்சனத்தையும் தனித்தனியாக அளக்கிறது. இதைத் தவிர்த்தால், "விமர்சித்தாலே வெறுப்பாளர் என்கிறீர்கள்" என்ற முதல் எதிர்ப்புக்கே பதில் இருக்காது.

அடுத்து, "முஸ்லிம் குடியேறி" என்ற சொல். இது இரண்டு சொற்கள் சேர்ந்த பொட்டலம். ஜெர்மனியின் குடியேற்றம் மற்றும் அகதிகளுக்கான கூட்டாட்சி அலுவலகம் 2020க்குத் தந்த மதிப்பீட்டின்படி அங்கே 53 முதல் 56 லட்சம் முஸ்லிம்கள் இருக்கிறார்கள், மக்கள்தொகையில் 6.4 முதல் 6.7 சதவீதம். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஜெர்மன் குடிமக்கள். துருக்கி வேரினர் பாதிக்கும் சற்றுக் குறைவு. மீதிப் பேரில் சிரியர், போஸ்னியர், மொராக்கோவினர், ஆப்கானியர் எல்லோரும் உண்டு. மூன்றாம் தலைமுறைப் பிள்ளையைக் "குடியேறி" என்று வினாத்தாளிலேயே எழுதினால், ஆராய வந்த முத்திரையை நீங்களே குத்தியதாக ஆகும்.

படி 2: கேள்வியைக் கையில் அடங்கும் அளவுக்குச் சுருக்குங்கள்

"கல்வி முத்திரைகளை உடைக்குமா?" என்பது மேடைப்பேச்சுத் தலைப்பு. ஆய்வுக்கேள்வி இப்படி இருக்கும்: "நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் 8ஆம் வகுப்புக்கு ஆறு வாரம் நடத்தப்படும் கூட்டுக்கற்றல் பாடம், முடிந்து நான்கு மாதங்களுக்குப் பின், தங்களுக்கு அறிமுகமில்லாத முஸ்லிம் பெயர் கொண்ட மாணவரைக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கும் விகிதத்தை மாற்றுகிறதா?" இடம், வகுப்பு, பாடம், காலம், அளவு, யாரை நோக்கி என்ற ஆறும் இதில் இருக்கின்றன. ஒன்று விடுபட்டாலும் திரும்ப எழுதுங்கள்.

படி 3: எந்த வழியாக மாற்றம் வரும் என்று சொல்லுங்கள்

கல்வி என்ற பெயரில் நடப்பவை நான்கைந்து வகை. ஒவ்வொன்றும் வேறு வழியில் வேலை செய்வதாகக் கருதப்படுகிறது.

தகவல் தருவது முதல் வகை. 2016இல் இப்சோஸ் மோரி என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் நடத்திய கணிப்பில், தங்கள் நாட்டில் 100 பேருக்கு 21 பேர் முஸ்லிம் என்று ஜெர்மானியர்கள் சராசரியாக ஊகித்தார்கள். அப்போதைய கணக்கில் உண்மை 5. பிரான்ஸில் ஊகம் 31, உண்மை 7.5. சரியான எண்ணைச் சொன்னால் பயம் குறையும் என்று தோன்றும். பொருளியலாளர் அலெசினாவும் உடன் பணியாற்றியவர்களும் ஆறு நாடுகளில் செய்த ஆய்வில் எண்களைத் தந்தது மனப்பான்மையைப் பெரிதாக அசைக்கவில்லை. வேறு சில ஆய்வுகளில் ஓரளவு அசைத்தது. ஆகவே தகவல் பாடத்தைச் சோதிப்பவர் அறிவையும் மனப்பான்மையையும் இரண்டு தனி அளவுகளாக வைக்க வேண்டும். அறிவு கூடியதைக் காட்டி மனம் மாறியதாக எழுதுவது இந்தத் துறையின் பழைய வியாதி.

இரண்டாவது, நேரடித் தொடர்பு. 1954இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்: இரு தரப்புக்கும் சம நிலை, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு. பெட்டிக்ரூவும் டிராப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்து, தொடர்பு கூடக்கூடத் தப்பெண்ணம் குறைவதையும், நான்கு நிபந்தனைகளும் இருந்தால் குறைவு அதிகமாவதையும் காட்டினார்கள். இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதைக் காட்டும் எண் (correlation) சராசரியாகச் சுமார் −0.21தான்; அது சிறிய அளவு. ஒரு நாள் பள்ளிவாசலுக்குப் பேருந்தில் போய்வருவதில் சம நிலையும் இல்லை, பொது இலக்கும் இல்லை. ஒரு தரப்பு பார்க்கிறது, இன்னொரு தரப்பு பார்க்கப்படுகிறது. அதைத் "தொடர்பு" என்று பதிவு செய்யாதீர்கள்.

மூன்றாவது, பிறர் இடத்தில் நின்று பார்க்கப் பழக்குவது. துருக்கியில் சிரிய அகதிப் பிள்ளைகள் படிக்கும் 80 தொடக்கப் பள்ளிகளில், வகுப்பாசிரியர்களே ஒரு கல்வியாண்டு நடத்திய பாடத்திட்டத்தைப் பற்றிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. பிள்ளைகளுக்கு இடையிலான வன்முறை குறைந்தது, இரு தரப்புக்கும் இடையே நட்பு கூடியது. அங்கே இரு தரப்பும் பெரும்பாலும் முஸ்லிம்கள் என்பதால் மதத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆனால் ஆய்வைக் கட்டிய முறையைப் பாடமாகப் படிக்கலாம்.

நான்காவது பாடநூல், ஐந்தாவது ஆசிரியர். இவை இரண்டும் மாணவர்களைத் தொடாமலே ஆராயக்கூடியவை. தனி ஆளுக்கு ஏற்றவை.

படி 4: கையில் உள்ள பலத்துக்கு ஏற்ற வடிவம்

இங்கேதான் பலர் விழுகிறார்கள். இரண்டு வகுப்பு எடுத்து, ஒன்றுக்குப் பாடம் நடத்தி, இன்னொன்றை ஒப்பிட்டு, ஐம்பது மாணவர்களை வைத்து முடிவு எழுதுகிறார்கள். அதில் உண்மையான எண்ணிக்கை ஐம்பது அல்ல, இரண்டு. ஒரு வகுப்பில் உள்ளவர்கள் ஒரே ஆசிரியர், ஒரே நட்பு வட்டம், ஒரே வாட்ஸ்அப் குழு. அவர்கள் கருத்தும் ஓரளவு ஒன்றுபோலவே இருக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பள்ளிப் பாடத்திட்டங்களின் விளைவைத் தொகுத்த ஒரு 2014 ஆய்வு, சராசரி விளைவளவு (பாடம் எவ்வளவு மாற்றியது என்று காட்டும் எண்) 0.30 என்றது. இதைப் பிடிக்க, மாணவர்களைத் தனித்தனியே குலுக்கிப்போட்டு இரு பக்கமாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 175 பேர் வேண்டும் (கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம், வழக்கமான 5 சதவீதப் பிழை வரம்பு). வகுப்புகளைக் குலுக்கினால், வகுப்புக்கு 25 பேர், வகுப்புக்குள் ஒற்றுமை எண் 0.10 என்று வையுங்கள். பெருக்கும் எண் 1 + (24 × 0.10) = 3.4. ஒரு பக்கத்துக்கு 595 பேர், அதாவது 24 வகுப்பு, மொத்தம் 48. பாடத்துக்கு முன் எடுத்த அளவு பின் எடுத்த அளவோடு 0.7 அளவுக்கு ஒத்துப்போனால் தேவை ஏறத்தாழப் பாதியாகும். அப்போதும் 24, 25 வகுப்பு. இடையில் கழன்றுகொள்ளும் பள்ளிகளுக்காக மேலும் மூன்று நான்கு சேருங்கள்.

தனி ஆளால் இது முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று மாற்று வழிகள் உண்டு.

பாடநூல் பகுப்பாய்வு: பிரவுன்ஷ்வைக் நகரில் உள்ள கேயார்க் எக்கர்ட் நிறுவன நூலகத்தில் பல நாடுகளின் பாடநூல்கள் இருக்கின்றன. ஐந்து ஐரோப்பிய நாடுகளின் பாடநூல்களை ஆராய்ந்து அந்த நிறுவனம் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அவை இஸ்லாமைப் பழமையில் உறைந்த ஒற்றைக் கூட்டமாகக் காட்டுவதாகச் சொன்னது. ஜெர்மனியின் 16 மாநிலங்களுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் என்பதால் ஒரு மாநிலம், ஒரு பாடம், இரண்டு வகுப்பு என்று எல்லை போடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பத்திக்கும் நான்கு கேள்விகள்: பெயருள்ள ஆளா, பெயரற்ற கூட்டமா? அவர் செய்கிறாரா, அவருக்குச் செய்யப்படுகிறதா? காலம் பழையதா, இன்றையதா? பேசுவது அவரா, அவரைப் பற்றி வேறொருவரா? ஐந்தில் ஒரு பங்கை இன்னொருவரும் தனியாகக் குறிக்கட்டும். இருவரின் உடன்பாட்டு எண் (கப்பா) 0.7க்குக் கீழே போனால் தவறு குறிப்பவரிடம் இல்லை, உங்கள் விதிகளில். திருத்தி மறுபடி தொடங்குங்கள்.

பெயர் மாற்றுச் சோதனை: மாக்ஸ்–முராத் வகை. ஆட்களைத் தனித்தனியே குலுக்குவதால் 350 பேர் போதும். இதில் பெயர்த் தேர்வே பாதி ஆய்வு. "முராத்" துருக்கியர் என்பதையும் முஸ்லிம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. எதற்காக மதிப்பெண் குறைந்தது என்று பிரிக்க முடியாது. பிரான்ஸில் 2010இல் வெளியான வேலை விண்ணப்ப ஆய்வு இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது: இரண்டு விண்ணப்பதாரர்களும் செனகல் வேரினர், இருவருக்கும் குடும்பப் பெயர் தியூஃப்; ஒருவர் கிறிஸ்தவப் பெயர் கொண்ட மரீ, இன்னொருவர் முஸ்லிம் பெயர் கொண்ட கதீஜா. மரீக்கு 21 சதவீத இடங்களில் அழைப்பு, கதீஜாவுக்கு 8. எதிர்ப்பக்கத்து ஜெர்மன் பெயரிலும் கண்ணி உண்டு. "கெவின்" என்று வைத்துவிடாதீர்கள். அந்தப் பெயரையே ஆசிரியர்கள் தாழ்த்திப் பார்ப்பதை ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வு 2009இலேயே காட்டிவிட்டது. முன்கூட்டியே முப்பது பேரிடம் பத்துப் பெயரைக் கொடுத்து, வசதி, வயது, வேர் பற்றி என்ன தோன்றுகிறது என்று கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, நேர்காணல்: 15 முதல் 20 பேர் வரை. விளைவு உண்டா என்று இது சொல்லாது. எப்படி நடக்கிறது, எங்கே உறுத்துகிறது என்று சொல்லும். ரமலானில் முஸ்லிம் மாணவர்களின் நேர்காணலைப் பிற்பகலில் வைக்காதீர்கள். அந்த மாதம் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னே நகர்வதால் சென்ற ஆண்டின் நாள்காட்டி உதவாது.

படி 5: அனுமதி

இதற்கு மட்டும் நான்கு மாதம் ஒதுக்குங்கள். பள்ளி ஆய்வுக்கு மாநில விதிப்படி கல்வித்துறை அனுமதியும் தலைமையாசிரியரின் ஒப்புதலும் வேண்டும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் மதம் தனிக் காப்புக்குரிய தரவு. மதத்தைக் கேட்பதானால் ஏன், எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்று எழுத வேண்டும்.

பெற்றோர் கடிதத்தை ஜெர்மன், துருக்கி, அரபு மொழிகளில் ஒரே தாளில் கொடுங்கள். யாருக்கு எந்த மொழி என்று பார்த்துக் கொடுப்பது, வகுப்பின் முன்னால் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டுவதாகும். கையெழுத்திட்டுத் திரும்பி வராத கடிதங்களை எண்ணி வையுங்கள். முத்திரை அழுத்தமாக உள்ள வீடுகளும், அரசுத் தாளைக் கண்டாலே அஞ்சும் வீடுகளும் அங்கேதான் மறைந்திருக்கக்கூடும்.

படி 6: பாடத்தை நடத்துவது

கூட்டுக்கற்றலுக்கு உளவியலாளர் எல்லியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உருவாக்கிய ஜிக்சா முறை இன்றும் கைகொடுக்கும். 25 பேரை ஐந்து ஐந்தாகக் கலந்து பிரியுங்கள். தலைப்பை ஐந்து துண்டாக வெட்டி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள். தலைப்பு மதமாக இருக்க வேண்டியதில்லை. இல்லாமல் இருப்பதே நல்லது. ஜெர்மனி–துருக்கி தொழிலாளர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டால் ஐந்து துண்டு இப்படி:

1. 1961 அக்டோபர் 30 ஒப்பந்தம். பெர்லின் சுவர் எழுந்து கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஆள்வரத்து நின்ற பின்னணி
2. இஸ்தான்புல் அலுவலகத்தில் மருத்துவச் சோதனை, ரயில் பயணம், மியூனிக் நிலையத்தின் 11ஆம் நடைமேடை
3. சுரங்கமும் தொழிற்சாலையும், 1973 ஆகஸ்டில் கொலோன் ஃபோர்டு ஆலை வேலைநிறுத்தம்
4. 1973 நவம்பரில் ஆள் சேர்ப்பு நிறுத்தம். அதன்பின் குடும்பங்கள் வந்து சேர்ந்தது
5. 2000இல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம்; அங்கே பிறந்த பிள்ளைகளின் நிலை

முதல் 45 நிமிடத்தில், ஒரே துண்டை வைத்திருப்பவர்கள் கூடி 20 நிமிடம் படித்துப் பேசி, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று 15 நிமிடம் தயாராகட்டும். அடுத்த 45 நிமிடத்தில் சொந்தக் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு 6 நிமிடம் சொல்லிக்கொடுக்கட்டும். கடைசி 10 நிமிடம் ஐந்து துண்டும் தெரிந்தால்தான் எழுத முடியும் சிறு தேர்வு. இப்படி ஆறு வாரம், வாரம் ஒரு தலைப்பு.

எங்கே கெடும்? சுட்டியான ஒருவர் ஐந்து துண்டையும் வாங்கிப் படித்துவிடுவார். துண்டுகளை வெவ்வேறு நிறத்தாளில் கொடுத்து, குழுவில் பேசும்போது தாளைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். ஜெர்மன் மொழி இன்னும் தடுமாறும் பிள்ளையிடம் 6 நிமிடம் கொடுத்தால் அவமானம் மிஞ்சி, சம நிலை உடையும். எல்லாத் துண்டுக்கும் சொற்பட்டியல் இணையுங்கள், அவருக்கு மட்டுமல்ல. எல்லாவற்றையும்விட மோசமானது ஆசிரியர் வாயிலிருந்து வரும் ஒரு வாக்கியம்: "ஆய்ஷா, உங்கள் பக்கம் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?" அந்த நொடியில் ஆய்ஷா மாணவியாக இருப்பது நின்று, ஒரு சமூகத்தின் தூதராகிறாள். ஐந்து வகுப்பில் ஒன்றையாவது நேரில் உட்கார்ந்து கவனித்து, இது எத்தனை முறை நடக்கிறது என்று குறியுங்கள். பாடம் வேலை செய்யாமல் போனால் காரணம் இந்தக் குறிப்பில் கிடைக்கலாம்.

வெற்றி பெற்ற ஒருவரைக் காட்டி முத்திரையை உடைக்கும் முயற்சியும் பரவலானது. கொரோனா தடுப்பூசியை உருவாக்கிய, துருக்கி வேர் கொண்ட உகுர் ஷாஹின், ஓஸ்லெம் துரெச்சி தம்பதியின் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டுவது ஓர் உதாரணம். பார்ப்பவர் மனம் இவர்களை விதிவிலக்குப் பெட்டியில் போட்டு மூடிவிடலாம்: "இவர்கள் வேறு, மற்றவர்கள் வேறு." சாதாரண மின்பணியாளர், பேக்கரிக்காரர், தோற்றுப்போன பந்தாட்ட அணியின் கோல்கீப்பர் என்று பலரைக் காட்டும் வகுப்போடு ஒப்பிட்டால் அதுவே நல்ல ஆய்வுக்கேள்வி.

படி 7: அளப்பது

மூன்று முறை: பாடத்துக்கு இரண்டு வாரம் முன்பு, முடிந்த வாரம், நான்கு மாதம் கழித்து. கோடை விடுமுறைக்குப் பின் வகுப்புகளைக் கலைத்துவிடும் பள்ளிகள் உண்டு. மூன்றாம் அளவு விடுமுறைக்கு முன் விழும்படி பின்னாலிருந்து எண்ணி நாள் குறியுங்கள்.

வாய்க்கு: ஒரு குழுவின் மேல் உள்ள உணர்வை 0 (கசப்பு) முதல் 100 (பிரியம்) வரை குறிக்கும் உணர்வு வெப்பமானி. முஸ்லிம்களை மட்டும் கேட்டால் எதை அளக்கிறீர்கள் என்று 13 வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். ஆறு குழுக்களோடு கலந்து கேளுங்கள்.

மனதுக்கு: முத்திரை வாக்கியங்களுக்கு "எல்லோரும்–பெரும்பாலோர்–சிலர்–யாருமில்லை" என்ற விடைகள். ஆம்–இல்லை விடையைவிட, "எல்லோரும்" என்பது "சிலர்" ஆக நகர்வதே இங்கே தேடும் மாற்றம்.

கைக்கு: ஜெர்மன் பள்ளிகளில் மாணவர்கள் இரண்டு மூன்று வாரம் பிராக்டிகும் எனும் வேலைப்பயிற்சிக்குப் போவது வழக்கம். அதையொட்டி ஆறு கற்பனை விண்ணப்பங்களைக் கொடுத்து இருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரே விண்ணப்பத்தின் மேல் லூக்காஸ் என்ற ஜெர்மன் பெயரும் யூசுஃப் என்ற முஸ்லிம் பெயரும் மாணவருக்கு மாணவர் மாறி வரட்டும். முடிந்ததும் நோக்கத்தை விளக்கிவிட வேண்டும். மூன்றாம் அளவு வரை தள்ளிப்போட அனுமதிக் கடிதத்திலேயே இடம் வாங்குங்கள்.

முஸ்லிம் மாணவரின் கையில் "முஸ்லிம்கள் வன்முறையாளர்கள்" என்ற வாக்கியத்தைக் கொடுத்து எண் போடச் சொல்வது ஆய்வு அல்ல, காயம். அந்தப் பக்கத்துக்கு மாற்றாக "என்னை இந்த வகுப்பில் ஒருவனாக / ஒருத்தியாக நடத்துகிறார்கள்" போன்ற கேள்விகளைத் தயாரியுங்கள். எந்தத் தாள் என்று வெளியே தெரியாதபடி, இரண்டும் ஒரே நீளத்தில் இருக்க, தேர்வை மாணவரிடமே விடுங்கள். வாக்கியங்களை யாரும் உரக்க வாசிக்கக் கூடாது.

மூன்று தாளையும் இணைக்கப் பெயர் வேண்டாம். அம்மா பெயரின் முதல் இரண்டு எழுத்து, பிறந்த தேதியின் நாள், அண்ணன் அக்கா எத்தனை பேர் என்று ஒரு குறியீடு போதும். மாணவர்கள் அம்மாவின் செல்லப் பெயரை ஒருமுறையும் முழுப் பெயரை மறுமுறையும் எழுதுவார்கள். "அடையாள அட்டையில் உள்ள பெயர்" என்று மூன்று முறையும் ஒரே சொற்களில் கேளுங்கள். ஓர் எழுத்து மட்டும் பிசகிய தாள்களைச் சேர்க்கும் விதியைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

படி 8: முடிவைப் படிப்பது

பல அடுக்குப் பகுப்பாய்வு கட்டாயம்; மாணவர் ஓர் அடுக்கு, வகுப்பு இன்னொன்று. எந்த அளவு முதன்மையானது என்பதைத் தொடங்கும் முன் பொதுப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். பன்னிரண்டு அளவுகளில் ஒன்று மட்டும் நகர்ந்திருக்கும்போது அதையே தலைப்பாக்கும் ஆசை யாருக்கும் வரும்.

விளைவு சிறிதாக வந்தால் திகைக்க வேண்டாம். உளவியலாளர் பாலக்கும் உடன் பணியாற்றியவர்களும் 2021இல் தப்பெண்ணத்தைக் குறைக்கும் 418 சோதனைகளைத் தொகுத்தபோது, ஆய்வு பெரிதாகப் பெரிதாக விளைவு சிறுத்தது. விளைவு பெரிதாக வந்தால் யோசியுங்கள்: பள்ளி தானே முன்வந்ததா? "இனவாதமில்லாப் பள்ளி – துணிவுள்ள பள்ளி" என்ற ஜெர்மன் பள்ளிகளின் வலையமைப்பில் சேரவே பள்ளியில் உள்ளோரில் 70 சதவீதம் பேர் கையெழுத்திட வேண்டும். அப்படிப்பட்ட பள்ளியில் கிடைத்த முடிவை அத்தனை கையெழுத்து சேராத ஊருக்குக் கொண்டுபோக முடியாது.

யாரை நோக்கி மாறியது என்பதையும் பிரித்து எழுதுங்கள். இராக்கில் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து சல்மா மூசா நடத்திய சோதனை 2020இல் வெளிவந்தது. கலப்பு அணியில் ஆடியவர்கள் மாதங்கள் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சிக்கு வந்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் மிகுந்த மோசூல் நகரின் உணவகத்துக்குப் போவது போன்ற, மைதானத்துக்கு வெளியே உள்ள பழக்கம் தெளிவாக மாறவில்லை. வகுப்புத் தோழன் யூசுஃபும் ரயிலில் எதிரே உட்காரும் முன்பின் தெரியாதவரும் ஒன்றல்ல. உங்கள் அட்டவணையில் இவர்களுக்குத் தனித்தனி வரிசை இருக்கட்டும்.

அறிக்கையில் ஊர், பள்ளி, ஆசிரியர் எவரும் அடையாளம் தெரியக் கூடாது. வகுப்பில் ஒரே ஒரு ஆப்கானிய மாணவி இருந்தால் "ஆப்கானிய மாணவி, 14" என்று எழுதியதுமே பெயரைச் சொன்ன மாதிரிதான். வேரையோ வயதையோ நீக்குங்கள். பாடம் எதையும் மாற்றவில்லை என்று வந்தாலும் முழு முடிவையும் பள்ளிக்கு இரண்டு பக்கத்தில் திருப்பிக் கொடுங்கள். ஒப்பீட்டு வகுப்பாகக் கடைசி அளவு வரை காத்திருந்தவர்களுக்கு, பாடம் பயன்பட்டிருந்தால், அதன் தாள்களும் துண்டுகளும் அடுத்த பருவத் தொடக்கத்தில் போய்ச் சேரட்டும். அனுமதிக் கடிதத்திலேயே கொடுத்துவிட வேண்டிய வாக்கு அது.